நச்சுத் தகவல் நிலையங்களின் தோற்றமும் வளர்ச்சியும்

வரலாறு என்றதும் நம் மாணவர் உள்ளத்தில் எழுவன முடியும் செங்கோலும், படையும் போரும், உடன்படிக்கைகளும் அவை கைச்சாத்தான ஆண்டுகளுமே. அரண்மனைக்கும் போர்க்களத்துக்கும் புறத்தே, சமையலறையிலும் மருந்துப் பெட்டகத்தின் அருகிலும் மனிதர் நடத்திய போராட்டங்கள் வரலாற்றேடுகளில் இடம்பெறுதல் அரிது. அவற்றுள் ஒன்றினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு மேசை, அதன்மேல் ஒரு தொலைபேசி, அருகே அட்டைகள் நிறைந்த ஒரு பெட்டி, இரவெல்லாம் விழித்திருக்கும் ஒருவர். இவ்வளவே இப்போராட்டத்தின் படைக்கலங்கள். ஆயினும் இவற்றாற் காக்கப்பட்ட உயிர்கள் பல. இவற்றாற் பிறந்த சட்டங்களும் சில உள.

நஞ்சு என்பது யாது?

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்பது நம்மவர் பழமொழி. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பரசெல்சசு என்னும் ஐரோப்பிய மருத்துவரும் 1538 ஆம் ஆண்டளவில் இதே கருத்தை வலியுறுத்தினார். நஞ்சல்லாத பொருள் எதுவுமில்லை. ஒரு பொருளை நஞ்சாக்குவது அதன் அளவே என்பது அவர் கொள்கை. இவ்வுண்மையை ஏற்றுக்கொள்வோமாயின், ‘இது நஞ்சா, அன்றா?’ என்னும் வினா பொருளற்றதாகிவிடும். ‘எவ்வளவு? யாருக்கு? எப்போது?’ என்னும் வினாக்களே பொருளுடையனவாகும். நச்சியல் என்பது அளவு பற்றிய அறிவே என்க.

ஆயினும் நெடுங்காலமாக நஞ்சைப் பற்றிய ஆராய்ச்சி நீதிமன்றத்துக்கே தொண்டு செய்து வந்தது. 1814 இல் ஓர்பிலா பாரிசு நகரில் நஞ்சுகள் பற்றிய தம் பெருநூலை வெளியிடத் தொடங்கினார். 1836 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த யேம்சு மார்சு பாசாணத்தைக் கண்டறியும் சோதனை முறையை வெளியிட்டார். இவை அறிவியலின் பெரு வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால், இவ்வறிவு பெரும்பாலும் இறந்தவரின் உடலை ஆராய்ந்து, கொன்றவன் யாவன் எனக் கூறுவதற்கே பயன்பட்டது. உயிரோடிருப்பவரின் பொருட்டு, அவரைக் காக்கத்தக்க காலத்திலேயே, அவர் வீட்டு வாயிலுக்கு இவ்வறிவைக் கொண்டு செல்லுதல் வேறொரு பணி. அப்பணி தொடங்குதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகம் காத்திருக்க நேர்ந்தது.

வீட்டினுள் நுழைந்த நஞ்சு

இந்நிலையங்கள் தோன்றிய நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கு தோன்றியமைக்குக் காரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்நாட்டு இல்லங்களிற் சவர்க்காரம் காய்ச்சுதற்கும், அழுக்கு அகற்றுதற்கும் எரிகாரம் தாராளமாகப் பயன்பட்டது. வெண்ணிறமான அப்பொருளைச் சீனியென மயங்கிச் சிறு குழந்தைகள் வாயிலிட்டன. விழுங்கிய கணமே உணவுக்குழாய் வெந்தது. உயிர் தப்பிய குழந்தைகளிலும் பல, குழாய் சுருங்கியமையால் நீரும் விழுங்க மாட்டாது மெலிந்தன. பிலடெல்பியா நகரிற் பணியாற்றிய தொண்டை மருத்துவ வல்லுநர் செவாலியர் யாக்சன் இத்தகைய குழந்தைகள் பலருக்குத் தாமே அமைத்த கருவிகளாற் சிகிச்சை செய்தவர். சிகிச்சையோடு அமையாது, எரிகாரப் பொதிகளில் ‘நஞ்சு’ என எழுதப்படுதல் வேண்டும் என அவர் பல்லாண்டுகள் வாதாடினார். அதன் பயனாக 1927 இல் எரிகாரப் பொருள்கள் பற்றிய கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது. வைத்தியர் ஒருவர் தம் அறையிற் கண்ட துன்பம் நாட்டின் சட்டமாக மாறிய முன்மாதிரி இதுவாகும். இம்மாதிரியே பின்னர் மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காண்போம்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலைமை வேறொரு வடிவம் கொண்டது. புதிய மருந்துகள், சலவைத் தூள்கள், தரை மெருகுகள், பூச்சிகொல்லிகள் முதலியன கடைகளை நிறைத்து வீடுகளினுள் நுழைந்தன. அவற்றின் பெயர்கள் வணிகப் பெயர்கள். உள்ளே அடங்கிய சரக்கு யாது என்பது வாங்குவோருக்குத் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. அது உற்பத்தியாளரின் தொழில் இரகசியமாக இருந்தது. குழந்தைகளுக்கென ஆரஞ்சுச் சுவையூட்டிச் செய்யப்பட்ட அஸ்பிரின் வில்லைகளோ தின்பண்டம் போலவே இனித்தன. காய்ச்சலைத் தணிக்க வந்த மருந்து, குழந்தைகளின் நச்சு மரணங்களுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாயிற்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1952 அளவில் தன் உறுப்பினரிடையே நடத்திய ஆய்வில், அவர்கள் கண்ட குழந்தை விபத்துக்களுட் பாதியளவு நச்சுப் பொருளை உட்கொண்டமையால் விளைந்தனவே எனத் தெரியவந்தது.

நள்ளிரவிற் குழந்தையோடு ஓடிவரும் தாயின் கையில் ஒரு போத்தல் இருக்கின்றது. போத்தலில் ஒரு வணிகப் பெயர் இருக்கின்றது. எதிரே நிற்கும் இளம் வைத்தியர் அப்பெயரை முன்பின் கேட்டறியார். மருத்துவம் எவ்வளவு கற்றிருந்தும் அவ்வேளையில் அவர் வேண்டுவது ஒரே ஒரு செய்தி: போத்தலினுள் இருப்பது யாது? அச்செய்தி எங்கோ ஒரு தொழிற்சாலையின் ஏட்டிற் பூட்டிக் கிடக்கின்றது. இத்தடையே நச்சுத் தகவல் நிலையத்தைத் தோற்றுவித்தது.

சிக்காகோவில் ஓர் அட்டைப் பெட்டி

சிக்காகோ நகரின் புனித லூக்கா வைத்தியசாலையில் மருந்தாளராகப் பணியாற்றியவர் லூயி குடால்மன். நச்சுப் பொருள்கள் பற்றி எவரேனும் வினவினால் விடைகூறும் பொருட்டு, கிடைத்த செய்திகளையெல்லாம் சிறு அட்டைகளில் எழுதி அடுக்கிவைக்கும் வழக்கம் அவருக்கிருந்தது. உற்பத்தியாளருக்குக் கடிதம் எழுதினார்; நூல்களைத் துருவினார்; ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வோர் அட்டை வைத்தார். நாளடைவில் ஆயிரக்கணக்கான அட்டைகள் சேர்ந்தன. அயல் வைத்தியசாலைகளிலுள்ள வைத்தியரும் அவரைத் தொலைபேசியில் அழைக்கலாயினர். வேலை நேரம் முடிந்த பின்னரும் அழைப்புகள் அவரைத் தொடர்ந்தன.

வைத்தியர் எட்வேட் பிறெசு இதன் பயனை உணர்ந்து, குழந்தை மருத்துவரையும் வைத்தியசாலைகளையும் நகரச் சுகாதாரப் பகுதியினரையும் ஒன்றிணைத்தார். 1953 இல் சிக்காகோவில் முதலாவது நச்சுக் கட்டுப்பாட்டு நிலையம் முறைப்படி உருவாயிற்று. அது பெரும் கட்டடம் எழுப்பித் திறக்கப்பட்ட நிலையமன்று. புதிய மருந்தொன்றின் கண்டுபிடிப்புமன்று. சிதறிக் கிடந்த அறிவை ஓரிடத்திற் சேர்த்து, அதனை வேண்டுவோர் எந்நேரமும் பெறத்தக்க வழியை அமைத்தமையே அதன் புதுமை. ஒரு மருந்தாளரின் ஒழுங்கான எழுத்துப் பழக்கம் இவ்வமைப்பின் அடிக்கல் என்பதை மாணவர் சிந்தித்தல் நன்று.

பிற நகரங்களும் இவ்வழியைப் பின்பற்றின. வட கரோலினாவின் டேர்கம் நகரிற் குழந்தை மருத்துவர் யே அரினா இப்பணியில் முன்னின்றார். 1957 இல் மத்திய அரசின் பொதுச் சுகாதாரச் சேவை, நிலையங்களுக்கெல்லாம் பொதுவான செய்திச் சேகரிப்பு நிலையமொன்றை அமைத்து, அச்சிட்ட அட்டைகளை எங்கும் அனுப்பத் தொடங்கியது. அதே ஆண்டில் கிளீசன், கொசெலின், ஹொட்சு ஆகிய மூவர் வணிகப் பொருள்களின் உள்ளடக்கத்தையும் நச்சுத் தன்மையையும் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டனர். 1958 இல் நிலையங்களின் சங்கம் தோன்றியது.

வளர்ச்சி மிகையாகவே நிகழ்ந்தது எனலாம். 1978 இல் அந்நாட்டில் 661 நிலையங்கள் இருந்தன. ஆனால் அவற்றுட் பல, அவசர சிகிச்சைப் பகுதியின் மூலையிலிருந்த ஒரு தொலைபேசியும் ஒரு பெட்டி அட்டைகளுமே. மணி ஒலிக்கும்போது அருகில் நின்றவர் எவரோ அவரே விடை கூறினார். எண்ணிக்கை பெருகியமை சேவை பெருகியமைக்குச் சான்றாகாது என்பதை உணர்ந்து, பின்னர்ச் சிறு நிலையங்களை இணைத்து, பயிற்சி பெற்ற மருந்தாளரும் தாதியரும் இரவு பகலாக அமர்ந்திருக்கும் வட்டார நிலையங்களாக மாற்றினர். இன்று அவை ஐம்பத்தைந்தளவில் உள. 1974 இல் டென்வர் நகர்ப் பறி றூமக் என்பவரின் முயற்சியால், அட்டைப் பெட்டிகளுக்குப் பதிலாக நுண்படத் தகடுகளில் அமைந்த தகவற் சுட்டி வந்தது. அதன்பின் அது கணினிக்கு மாறியது. 2002 ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதற்கும் ஒரே தொலைபேசி எண் வழங்குகின்றது. எந்த ஊரிலிருந்து அழைப்பினும் அவ்வட்டார நிலையத்துக்கே இணைப்பு செல்லும்.

ஒரு நாட் பணி

இனி, இந்நிலையங்களின் அன்றாடப் பணி எத்தகையது என நோக்குவோம். நஞ்சு என்றவுடன் பெருந் துயரக் காட்சிகளே நம் மனக்கண்முன் தோன்றும். உண்மையிலோ அழைப்புகளுட் பெரும்பாலானவை அச்சத்தினின்றும் ஒருவரை விடுவிப்பதோடு முடிவனவாம். அமெரிக்க நிலையங்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ இருபது இலட்சம் நச்சுத் தொடர்புகள் அறிவிக்கப்படுகின்றன. அவற்றுள் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பற்றியன. மொத்த அழைப்புகளில் மூன்றில் இரண்டு பங்களவு, வைத்தியசாலைக்குச் செல்லாமலே, இருந்த இடத்தில் இருந்தவாறே தீர்க்கப்படுகின்றன. மாலையும் முன்னிரவுமே அழைப்பு மிகும் நேரம். தாய் அடுப்படியில் நிற்கும் வேளை, குழந்தை தவழும் வேளையும் அதுவேயன்றோ?

இரண்டு வயதுக் குழந்தையின் வாயிற் சிறு பொதியொன்றைக் கண்டு ஒரு தாய் பதறி அழைப்பதாகக் கொள்வோம். புதுச் சப்பாத்துப் பெட்டியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் பொதி அது. ‘உண்ணற்க’ என அதன்மேல் எழுதியிருக்கும். எதிர்முனையிலிருப்பவர் முதலிற் கேட்பது, ‘குழந்தை இப்போது எப்படியிருக்கிறது?’ என்பதே. மூச்சுவிடுகிறதா, விழித்திருக்கிறதா என அறிந்தபின், வயது, எடை, விழுங்கிய பொருள், அளவு, சென்ற நேரம் ஆகியவற்றை ஒழுங்காகக் கேட்டு எழுதுவார். போத்தலோ பொதியோ கையிலிருப்பின் அதிலுள்ள எழுத்துக்களை அவ்வாறே வாசிக்கச் சொல்வார். பொதியினுள் இருப்பது மணல் போன்ற சிலிக்கா; அது நஞ்சன்று, பொதி தொண்டையில் அடைத்தலே அஞ்சத்தக்கது. குழந்தை இயல்பாக மூச்சுவிடுகின்றது எனின் சிறிது நீர் கொடுக்கச் சொல்லி, தாயின் குரல் தணியும்வரை காத்திருந்து, விடைபெறுவார். இத்தகைய அழைப்புகள் பல்லாயிரம்.

மாத்திரைகளாயின் கணக்கு வேறு. போத்தலில் முன்பு எத்தனை இருந்தன, இப்போது எத்தனை உள, தரையிற் சிந்தியவை எத்தனை என எண்ணச் சொல்வார். ஐயம் நேர்ந்தவிடத்து மிகப் பெரிய எண்ணையே கொள்ளுதல் விதி. ஒவ்வொரு மாத்திரையின் நிறையை அவ்வெண்ணாற் பெருக்கி, குழந்தையின் எடையால் வகுத்து, வரும் ஈவை அட்டவணையோடு ஒப்பிட்டு நோக்குவார். நம் கீழ் வகுப்பு மாணவர் கற்கும் பெருக்கலும் வகுத்தலுமே அங்கு உயிர்காக்கும் கருவிகளாகின்றன. தீங்கு நேராது எனக் கண்டால் வீட்டிலேயே இருக்கச் சொல்லி, சில மணி நேரத்தின் பின் தாமே அழைத்து நலம் விசாரிப்பார். தீங்கு உண்டெனக் கண்டால் வைத்தியசாலைக்கு அனுப்பி, குழந்தை போய்ச் சேருமுன் அங்குள்ள வைத்தியருக்குச் செய்தி சொல்லி, செய்யத்தக்கன யாவை என ஆலோசனையும் கூறுவார்.

இப்பணியில் இரு தவறுகளுக்கு இடமுண்டு. அஞ்சவேண்டாத இடத்தில் அச்சுறுத்தினால், ஏழைத் தாயொருத்தி இரவில் வீணே அலைவாள், வைத்தியசாலையும் நெருக்கடிக்குள்ளாகும். அஞ்சவேண்டிய இடத்தில் ஆறுதல் கூறினால், ஒரு குழந்தை இறக்கும். முகத்தைக் காணாது, நாடியைத் தொடாது, குரலொன்றையே கொண்டு இவ்விரண்டினிடையே வழிகாணுதல் எளிதன்று. ஒரு நாளில் நூறு முறை ‘அஞ்சற்க’ என்று கூறியவர், நூற்றோராவது அழைப்பையும் முதலாவதைப் போலவே கேட்டல் வேண்டும். இப்பொறுமையே அத்தொழிலின் அறம்.

எண்ணிக்கை தந்த சட்டம்

நிற்க. விடை கூறுதலோடு இந்நிலையங்களின் பணி முடிந்திருப்பின், அவற்றுக்கு மருத்துவ வரலாற்றில் ஒரு சிறு குறிப்பே உரியதாகும். அவை ஒவ்வோர் அழைப்பையும் எழுதிவைத்தன. எழுதியவற்றை எண்ணின. எண்ணியபோது, தனித்தனி விபத்தாகத் தோன்றியவை ஒரே காரணத்தின் பல நிகழ்ச்சிகள் எனத் தெரியவந்தன.

எடுத்துக்காட்டாகக் குழந்தை அஸ்பிரினை நோக்குக. எத்தனை முறை பெற்றோரை எச்சரித்தும் விபத்துக் குறையவில்லை. அரினா முதலியோர் உற்பத்தியாளரிடம் வாதாடினர். 1960களில் ஒரு போத்தலில் 36 வில்லைகளுக்கு மேல் வைப்பதில்லை என்னும் வரையறை வந்தது. 81 மில்லிகிராம் கொண்ட வில்லைகள் 36 சேர்ந்தால் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவாகும். போத்தல் முழுவதையும் ஒரு குழந்தை தின்றாலும் உயிராபத்து மிகக் குறைதல் வேண்டும் என்பதே இதன் கருத்து. குழந்தை தவறு செய்யும் என்பதையும், தாய் ஒரு கணம் அயர்வாள் என்பதையும் முன்னமே ஏற்றுக்கொண்டு, அத்தவறு மரணமாகாவண்ணம் பொருளையே திருத்தியமைத்தல் என்னும் புதிய சிந்தனை இதில் அடங்கியுள்ளது.

இச்சிந்தனையின் முழு வடிவத்தைக் கனடாவிற் காண்கிறோம். ஒன்ராறியோ மாகாணத்து வின்சர் நகரில் வைத்தியர் ஹென்றி பிறோல்ற் குழந்தை மருத்துவப் பகுதிக்கும் நச்சு நிலையத்துக்கும் தலைவராக இருந்தவர். மருந்துண்டு வரும் குழந்தைகளைக் கண்டு மனம் நொந்த அவரின் தூண்டுதலால், அழுத்தித் திருகினாலன்றித் திறவாத மூடி 1967 இல் உருவாயிற்று. பெரியவர் கைக்குத் திறக்கும். குழந்தை விரலுக்குத் திறவாது. அம்மூடி பயன்பட்ட அப்பகுதியிற் குழந்தைகளின் மருந்து நச்சு விபத்துக்கள் 91 வீதம் குறைந்தன. 1970 ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்காவில் நச்சுத் தடுப்புப் பொதியிடற் சட்டம் நிறைவேறியது. 1972 இல் அந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 216 பேர் நஞ்சினால் இறந்தனர். பிந்திய பதிற்றாண்டுகளில் ஆண்டொன்றில் இவ்வெண் ஐம்பதுக்கும் கீழே வீழ்ந்தது.

இவ்வீழ்ச்சி தொலைபேசியின் பயனா, மூடியின் பயனா என வினவலாம். வரலாற்று மாணவர் அவசரப்பட்டு விடைகூறல் ஆகாது. அதே காலத்தில் அஸ்பிரினின் இடத்தைப் பரசிற்றமோல் பெரும்பாலும் கைப்பற்றியது. 1980களில் அஸ்பிரின் குழந்தைகளுக்கு ‘றை’ நோய்க்குறியை விளைவிக்கலாம் என்னும் எச்சரிக்கை வந்தபின் அதன் பயன்பாடு மேலும் அருகியது. அவசர சிகிச்சையும் சிறப்புற்றது. ஒரு விளைவுக்குப் பல காரணம் உண்டு. ஆயினும் மூடி வேண்டும் என்பதை அறிவித்தது எழுதப்பட்ட அழைப்புகளே. அழைப்பு எழுதப்படாதிருப்பின் மூடியும் பிறந்திராது எனல் மிகையன்று.

பிழையும் திருத்தமும்

இந்நிலையங்களின் வரலாறு வெற்றிகளின் நிரல் மட்டுமன்று. அவை தாம் பிழை செய்தமையை ஒப்புக்கொண்ட வரலாறுமாகும். இதுவே எமக்கு மிக்க மதிப்பைத் தருகின்றது.

முற்காலத்து மருத்துவக் கைந்நூல்களில் ‘எந்நஞ்சுக்கும் மாற்று’ என ஒரு கலவை கூறப்பட்டது. கரியும் மக்னீசியாவும் தனிக்கமிலமும் சேர்ந்தது அது. வீட்டிற் செய்வதாயின் கருகிய பாண், மக்னீசியப் பால், கடுந்தேநீர் ஆகியவற்றைக் கலந்து கொடுக்கலாம் என்றனர். பின்னர் ஆராய்ந்தபோது, கருகிய பாண் மருத்துவக் கரியாகாது என்பதும், தனிக்கமிலம் ஈரலுக்கே தீங்கு செய்யும் என்பதும் புலனாயின. உப்பு நீர் பருக்கி வாந்தி எடுப்பித்தலும் அவ்வாறே. மிகுந்த உப்பே சிலருக்கு எமனாயிற்று.

இவற்றினும் சிறந்த பாடம் இபிகாக் பாகினுடையது. பிரேசில் நாட்டு வேரொன்றிலிருந்து பெறப்படும் இப்பாகு வாந்தியை உண்டாக்கும். 1965 இல் அமெரிக்க அரசு இதனை வைத்தியர் சீட்டின்றி விற்க அனுமதித்தது. குழந்தையுள்ள வீடுதோறும் ஒரு போத்தல் இருத்தல் வேண்டும் என வைத்தியர் அறிவுறுத்தினர். நச்சு நிலையங்களும் பல்லாண்டுகள் அதனையே கூறின. ‘நஞ்சு உள்ளே போயிற்று, அதனை வெளியேற்றல் நன்று’ என்பது யாவர்க்கும் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் வாந்தியால் எவ்வளவு நஞ்சு வெளியேறும் என்பது நிச்சயமில்லை எனவும், அதனால் நோயாளியின் முடிவு சிறப்படைந்தமைக்குச் சான்றில்லை எனவும் ஆராய்ச்சிகள் காட்டின. 2003 நவம்பரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் தன் பழைய அறிவுரையை மாற்றி, வீட்டிலுள்ள இபிகாக்கை எறிந்துவிடுமாறு கூறியது. நெடுங்காலம் ஊருக்கு உரைத்ததை, ‘அது பிழை’ என்று ஊரறியக் கூறுதற்குத் துணிவு வேண்டும். ஆசிரியராகிய எமக்கும் இது பொருந்தும்.

எச்சரிக்கைக் குறியிலும் இத்தகையதோர் அனுபவம் உண்டு. பிற்ஸ்பேர்க் நகரில் 1971 இல், மண்டையோட்டுக் குறிக்குப் பதிலாக முகஞ்சுளித்த பச்சை முகமொன்றை அமைத்தனர். பல குறிகளைக் குழந்தைகளிடம் காட்டி, அவர்கள் மிக வெறுத்ததையே தேர்ந்த ஏற்பாடு அது. எனினும் 1980களில் நடந்த ஆய்வுகள், மிகச் சிறு குழந்தைகளை அக்குறி தடுப்பதில்லை என்றே காட்டின. குறியினடியில் அச்சிட்ட தொலைபேசி எண் பெற்றோருக்குப் பயன்பட்டது. குறியினாற் குழந்தை விலகவில்லை.

பழைய பகை புதிய வடிவில் வருதலும் உண்டு. யாக்சன் காலத்தில் உணவுக்குழாயைச் சுட்ட எரிகாரம் சட்டத்தால் அடங்கியது என எண்ணியிருந்தோம். பொத்தான் வடிவான சிறு மின்கலம் விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் தங்கினால், அதன் மின்னோட்டம் அவ்விடத்திலேயே எரிகாரத்தைத் தோற்றுவிக்கின்றது. இரண்டு மணி நேரத்துள் பெருங்காயம் உண்டாகலாம். வைத்தியர் ரோபி லிற்றோவிற்சு 1982 இல் இதற்கெனத் தனித் தொலைபேசிச் சேவை அமைத்து, அழைப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தார். மின்கல அறைகளைக் குழந்தை திறவாவண்ணம் அமைக்க வேண்டும் என்னும் அமெரிக்கச் சட்டம் 2022 இல் வந்தது. யாக்சனின் வழியே மீண்டும் நிகழ்ந்தது. ஆனால், அழைப்பிலிருந்து சட்டத்துக்கு நாற்பதாண்டு சென்றது.

பிற நாடுகளும் இலங்கையும்

பிரித்தானியாவில் 1963 இல் தேசிய நச்சுத் தகவற் சேவை தொடங்கிற்று. அது பொதுமக்களை விட வைத்தியருக்கே விடைகூறும் முறையில் அமைந்தது. இந்தியாவிற் புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் 1995 இல் தேசிய நிலையம் உருவாயிற்று.

எமது நாடு இவ்வகையில் இந்தியாவுக்கு முற்பட்டது. 1988 இல் கொழும்புப் பெரிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம், பேராசிரியர் இரவீந்திர பெர்ணாந்துவின் தலைமையில் நிறுவப்பட்டது. இங்குள்ள பிரச்சினை அமெரிக்க நாட்டின் பிரச்சினையன்று. இங்கு குழந்தைகளுக்கு இடர் விளைத்தவற்றுள் முதன்மையானது மண்ணெண்ணெய். குளிர்பானப் போத்தலில் வாங்கி வைத்த மண்ணெண்ணெயைக் குழந்தை தாகத்துக்குப் பருகிவிடும். பதறியவர் வாந்தி எடுப்பிக்க முயல்வர். அதனாலேயே எண்ணெய் நுரையீரலினுட் சென்று தீங்கு பெருகும். ‘வாந்தி எடுப்பிக்கற்க, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க’ என்னும் ஒரு வாக்கியம், தக்க நேரத்திற் சென்றடையுமாயின், ஓர் உயிரின் விலை பெறும்.

பெரியோரிடையே நஞ்சின் துயரம் வேறுவகையானது. பசுமைப் புரட்சியோடு வந்த பூச்சிகொல்லிகள் வயலை அடுத்த வீடுதோறும் இருந்தன. மனமுடைந்த ஒரு கணத்தில் அவற்றை நாடியோர் மீள்தற்கு வழியில்லாது போயிற்று. 1995 இல் இந்நாட்டில் நூறாயிரம் பேருக்கு 57 பேர் தற்கொலையால் மாண்டனர் எனக் கணக்கிடப்பட்டது. 1980 ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியே கடும் நஞ்சுகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 1995 இல் மொனோகுரோற்றபசும் மெதமிடபசும், 1998 இல் என்டோசல்பனும், 2008 முதல் 2011 வரை பரகுவாற்று முதலிய மூன்றும் விலக்கப்பட்டன. 2015 இல் மேற்கூறிய வீதம் 17 ஆகக் குறைந்தது. இத்தடைகளால் இருபதாண்டுகளில் 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். நெல் விளைச்சல் இதனாற் குன்றவில்லை என்பதும் ஆராய்ந்து காட்டப்பட்டது. துன்பமுற்ற ஒருவர் தம் துயரைப் பிறரிடம் கூற ஒரு பொழுது கிடைப்பின், அவருட் பலர் நெடுநாள் வாழ்வர். கடும் நஞ்சு கைக்கெட்டாதிருத்தல் அப்பொழுதை அவருக்கு ஈகின்றது. குழந்தைக்கு மூடி செய்ததை, பெரியோருக்கு இத்தடை செய்தது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, அறிவு எங்கோ இருத்தல் போதாது; வேண்டியவர் கைக்கு வேண்டிய நேரத்தில் எட்டுதல் வேண்டும். இரண்டாவது, சிறு நிகழ்ச்சிகளை எழுதிவைத்து எண்ணுதல் அற்பத் தொழிலன்று. நாட்டுச் சட்டம் அதிலிருந்தே பிறத்தல் கூடும். மூன்றாவது, நேற்றுக் கூறியதை இன்று திருத்தும் நேர்மையில்லாத அறிவு, தானே நஞ்சாகும்.

இன்னுமொன்று கூறி அமைவோம். இத்தகைய சேவைக்கு ஓர் இயற்கையான குறையுண்டு. இறந்த குழந்தையை ஊர் அறியும். இறவாத குழந்தையை எவர் அறிவார்? தாய் தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலைத் தொடர்கின்றாள். மறுநாள் அந்நிகழ்ச்சியையே மறந்தும் விடுகின்றாள். ஆகவே பணத்தட்டுப்பாடு நேரும்போது முதலிற் கைவைக்கப்படுவது இத்தகைய சேவையிலேயே. அமெரிக்காவில் 1997 இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நிலையங்களிற் செலவிடும் ஒவ்வொரு டொலரும் ஆறரை டொலர் மருத்துவச் செலவை மீதப்படுத்துகின்றது எனக் கணக்கிட்டது. எனினும் 2011 இல் அவற்றுக்கான மத்திய அரசின் ஒதுக்கீட்டிற் பெரும்பகுதியை வெட்ட அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையிலே முயற்சி நடந்தது.

நிகழாது போன துயரங்களையும் கணக்கில் எடுத்தல் வரலாற்றாசிரியரின் கடமைகளுள் ஒன்று. நம் மாணவருட் சிலர் வைத்தியராகவும், சிலர் மருந்தாளராகவும், வேறு சிலர் அலுவலகத்து எழுதுவினைஞராகவும் ஆவர். எத்தொழிலை மேற்கொள்ளினும், அறிந்ததை ஒழுங்காக எழுதிவைத்து, கேட்போருக்குப் பொறுமையோடு விடைகூறும் பழக்கத்தை அவர் கைவிடாதிருப்பாராக. சிக்காகோவின் மருந்தாளர் ஒருவர் தம் அட்டைகளைக் கொண்டு தொடங்கியதும் அதுவேயாகும்.